பன் இல்லாத பர்கர் பௌல்: ஒரு தோசைக்கல், நாலு கிண்ணம், வீட்டில் செய்வது எப்படி?

புதன்கிழமை இரவு ஏழரை மணி. ஒன்பது வயதுப் பையனுக்கு பர்கர் வேண்டும். தாத்தாவுக்குப் பத்து வருஷமாக சுகர். மைதா பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாட்டி கறி சாப்பிடுவதை விட்டு நாளாகிறது. ஆபீஸ் முடிந்து இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த அம்மாவுக்கோ, ஜிம் டிரெய்னர் சொன்ன புரோட்டீன் கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

டெலிவரி ஆப்பைத் திறந்தால் பையனுக்கு ஒரு பர்கர் வந்துவிடும். மற்ற மூன்று பேருக்கும் தனித்தனியாக ஏதாவது பார்க்க வேண்டும். "தாத்தா, நீங்களும் ஒண்ணு சாப்பிடுங்களேன்" என்று பையன் கேட்பான். "நீ சாப்பிடுடா கண்ணா, எனக்கு ரெண்டு இட்லி போதும்" என்று அவர் எழுந்து போய்விடுவார். ஒரே வீட்டில் நாலு பேர், நாலு நேரத்தில், நாலு சாப்பாடு.

இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கைகொடுக்கக்கூடிய ஒன்றுதான் பர்கர் பௌல். பர்கருக்குள் இருக்கும் எல்லாம் உண்டு: வறுத்த கொத்துக்கறி, சீஸ், தக்காளி, வெங்காயம், ஊறிய வெள்ளரிக்காய், அந்த ஆரஞ்சு நிற சாஸ். பன் மட்டும் கிடையாது. எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் சாப்பிட வேண்டியதுதான். சமூக வலைதளங்களில் 'உடல் எடை குறைய' என்ற தலைப்போடு சுற்றுகிற இந்த உணவு உண்மையிலேயே அவ்வளவு நல்லதா? பன்னை எடுத்துவிட்டால் போதுமா? கொத்துக்கறியில் கவனிக்க வேண்டியது என்ன?

எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்துதான். அங்கே பன் இல்லாத பர்கர் புதிய விஷயமும் இல்லை. பல பத்தாண்டுகளுக்கு முன்பே சாலையோர டைனர் உணவகங்களின் மெனுவில் 'டயட் பிளேட்' என்று ஒன்று இருந்தது. ஒரு கறித் துண்டு, பக்கத்தில் காட்டேஜ் சீஸ், ஒரு லெட்யூஸ் இலை, சில நேரம் டப்பாவில் அடைத்த பீச் பழம். பார்க்கவே கொஞ்சம் சோகமான தட்டு.

1972-ல் டாக்டர் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய டயட் புத்தகம் வெளியானது. மாவுச்சத்தைக் குறைத்து, புரதத்தையும் கொழுப்பையும் கூட்டு என்பதுதான் அவர் சொன்னதன் சுருக்கம். இந்த அலை 2003-04 வாக்கில் உச்சத்துக்குப் போனது. பெரிய பர்கர் நிறுவனங்களே பன்னுக்குப் பதில் லெட்யூஸ் இலையில் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்தன. கலிஃபோர்னியாவில் 1948-ல் தொடங்கிய இன்-என்-அவுட் கடையில் 'புரோட்டீன் ஸ்டைல்' என்று கேட்டால் இன்றைக்கும் இலையில் சுற்றித்தான் தருவார்கள்.

அட்கின்ஸ் 2003-ல் இறந்தார். 2005-ல் அவர் தொடங்கிய நிறுவனம் திவால் மனு போட்டது. அலை அடங்கியது, பிறகு 'கீட்டோ' என்ற பெயரில் திரும்பி வந்தது. இலையில் சுற்றிச் சாப்பிட்டால் சாஸ் முழங்கை வரை வழிகிறது என்பதாலோ என்னவோ, வீட்டுச் சமையலில் அது கிண்ணத்துக்குள் இறங்கிவிட்டது.

பன்னை எடுத்தால் எவ்வளவு குறையும்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நடுத்தர அளவு பர்கர் பன் ஒன்றில் சுமார் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஏறக்குறைய ரெண்டு, ரெண்டரை இட்லிக்குச் சமம். அதோடு வாங்கும் ஒரு மீடியம் பிரெஞ்ச் ஃப்ரைஸில் 40 கிராமுக்குக் குறையாது. 300 மில்லி கோலாவில் சர்க்கரை மட்டுமே 32 கிராம் அளவுக்கு இருக்கும். ஆக, ஒரு முழு 'மீல்' வாங்கினால் வயிற்றுக்குள் போகும் மாவுச்சத்தும் சர்க்கரையும் சுமார் 100 கிராம். அதில் பன்னின் பங்கு கால்வாசிதான்.

ஃப்ரைஸையும் கோலாவையும் அப்படியே வைத்துக்கொண்டு பன்னை மட்டும் தூக்கி எறிகிறவர், பையில் இருக்கும் ஓட்டையை விட்டுவிட்டு ஜிப்பை மூடுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் பௌல் செய்வதன் பெரிய லாபம், இந்த மூன்றும் ஒரே சமயத்தில் மேஜையிலிருந்து காணாமல் போவதுதான்.

இந்தக் கணக்கு இங்கே ஏன் முக்கியம்? ஐ.சி.எம்.ஆர் - இண்டியாப் ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியானபோது, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் தெரியவந்தது. தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய். அதே ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025-ல் வந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது அது. அரிசியை விட்டு கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, பயறு வகை, பால் பொருள் மூலம் கிடைக்கும் புரதத்துக்கு மாறியவர்களிடம் ஆபத்து குறைவாக இருந்தது. 'அரிசியை விட்டுட்டேன், ராத்திரிக்கு நாலு சப்பாத்திதான்' என்று சொல்லும் வீடுகள் கவனிக்க வேண்டிய இடம் இது.

எதை முதலில் சாப்பிடுகிறோம்?

2015-ல் 'டயபடிஸ் கேர்' இதழில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. டைப் 2 சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுக்கும் 11 பேருக்கு, ஒரே சாப்பாட்டை இரண்டு வெவ்வேறு நாட்களில் கொடுத்தார்கள். வரிசை மட்டும் வேறு. ஒரு நாள் ரொட்டியும் ஆரஞ்சு ஜூஸும் முதலில். 15 நிமிஷம் கழித்து கோழிக்கறி, லெட்யூஸ் - தக்காளி சாலட், பிராக்கோலி. இன்னொரு நாள் இதைத் தலைகீழாக மாற்றி, கறியும் காயும் முதலில், ரொட்டி கடைசியில்.

காய், கறி முன்னால் போன நாளில், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை அளவு சுமார் 37 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டு மணி நேரத்தில் சுமார் 17 சதவீதம் குறைவு. சாப்பாடு அதே, அளவும் அதே.

பதினோரு பேரை வைத்துச் செய்த ஆய்வை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்தத் தட்டில் இருந்ததைக் கவனியுங்கள். ரொட்டி, கோழி, லெட்யூஸ், தக்காளி. பர்கரைப் பிரித்து வைத்தால் கிட்டத்தட்ட இதேதான்! பர்கராகக் கடிக்கும்போது ஒவ்வொரு வாயிலும் ரொட்டி சேர்ந்தே போகும். வரிசையை மாற்ற வழியே இல்லை. கிண்ணத்தில் வைத்துச் சாப்பிடும்போது அந்த வசதி கிடைக்கிறது. பன்னை வீட்டை விட்டே துரத்த வேண்டியதில்லை. வேண்டும் என்கிறவர் கடைசியில் ஒரு பாதி சாப்பிட்டுக்கொள்ளலாம். வேண்டாம் என்கிறவருக்குக் கிண்ணமே போதும்.

கொத்துக்கறி: கடையில் கேட்க வேண்டியது

அமெரிக்காவில் இதற்கு மாட்டுக்கறிதான். கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்படி அரைத்ததை வாங்குவார்கள். மாட்டுக்கறி சாப்பிடும் வீடுகளில் அதையே பயன்படுத்தலாம். மற்றவர்களுக்கு ஆட்டுக் கொத்துக்கறி அல்லது சிக்கன். நாலு பேர் வீட்டில் மூன்று பேர் கறி சாப்பிடுகிறார்கள் என்றால் 400 கிராம் தாராளம்.

சிக்கன் என்றால் நெஞ்சுக்கறியை மட்டும் அரைத்து வாங்காதீர்கள். வறண்டு, ரப்பர் மாதிரி ஆகிவிடும். எலும்பு நீக்கிய தொடைக்கறி நல்லது. கடையில் அரைத்து வைத்த கைமாவை விட, துண்டுகளாக வாங்கி வந்து வீட்டில் அரைப்பது இன்னும் நல்லது. கழுவி, ஈரம் போகத் துடைத்து, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, மிக்ஸியில் நிறுத்தி நிறுத்தி நாலைந்து சுற்று விட்டால் போதும். தொடர்ந்து ஓட்டினால் பசையாகிவிடும். ஆட்டுக்கறி என்றால் கடைக்காரரிடம் ரெண்டு தடவை மெஷினில் விட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரு தடவை அரைத்தது, கொஞ்ச நேரத்தில் வறுத்தெடுக்கும் இந்தச் சமையலுக்கு நாராக இருக்கும்.

தோசைக்கல்தான் சரியான பாத்திரம்

விளிம்புள்ள இரும்பு தோசைக்கல்லோ அகலமான இரும்புக் கடாயோ இருந்தால் வேறு எதுவும் வாங்க வேண்டாம். கல் நன்றாகச் சூடானதும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, கறியைப் பரப்பிப் போடுங்கள். பிறகு மூன்று நிமிஷம் கரண்டியைத் தொடவே கூடாது. இதுதான் கஷ்டமான கட்டம். கிளறிக்கொண்டே இருந்து பழகிய கை சும்மா இருக்காது.

ஏன் தொடக் கூடாது? பர்கருக்கு அந்த வாசனையைக் கொடுப்பது, கறி பழுப்பாகப் பொரியும்போது நடக்கும் ஒரு வேதிமாற்றம். 1912-ல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மையாரின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. சுமார் 140 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் அது வேகம் எடுக்கும். கல்லில் தண்ணீர் நிற்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கிளறக் கிளறக் கறி தண்ணீர் விடும். வறுபடாமல் வெந்துபோய்ச் சாம்பல் நிறத்தில் நிற்கும். மொத்தக் கறியையும் ஒரே நேரத்தில் குவித்தாலும் இதே கதிதான். கல் சிறியதாக இருந்தால் இரண்டு ஈடாகப் போடுங்கள்.

அடிப்பக்கம் நன்றாகப் பழுப்பானதும் திருப்பிப் போட்டு, உதிரியாக உடைத்துவிட்டு, பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்று, தட்டிய பூண்டு நாலு பல், முக்கால் ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் கரகரப்பாகப் பொடித்த மிளகு சேர்க்கவும். சிக்கன் என்றால் இன்னும் ஐந்தாறு நிமிஷத்தில் ஆகிவிடும். ஆட்டுக்கறி என்றால் கால் டம்ளர் தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, 12 முதல் 15 நிமிஷம் மிதமான தீயில் விட்டு, பிறகு திறந்து தண்ணீர் வற்றும் வரை வறுக்க வேண்டும். கடைசியில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டுக் கல்லில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிவிடுங்கள். ருசி முழுக்க அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா, மல்லித்தூள் போடலாமா? போடலாம். ஆனால் அப்போது கிடைப்பது கைமா. அதுவும் ருசியாகத்தான் இருக்கும்; பையன் கேட்டது அது இல்லை. மிளகும் உப்பும் மட்டும் போட்ட கறி ஊறுகாயோடும் சாஸோடும் சேரும்போதுதான் பர்கர் வாசனை வரும்.

'உள்ளே கொஞ்சம் பிங்க்' வேண்டாம்

வீடியோக்களில் உள்ளே சிவந்திருக்கும் பர்கரைப் பிட்டுக் காட்டுவார்கள். அதைப் பார்த்து வீட்டில் செய்ய வேண்டாம். முழுத் துண்டு கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். வெளியே சூடு பட்டாலே செத்துவிடும். அரைக்கும்போது அந்த மேற்பரப்பு மொத்தக் கறிக்குள்ளும் கலந்துவிடுகிறது. அதனால் கொத்துக்கறிக்கு உள்ளே, வெளியே என்ற வித்தியாசமே கிடையாது.

இதை அமெரிக்கா கற்றுக்கொண்ட விதம் கொடூரமானது. 1993-ல் அங்கே மேற்கு மாநிலங்களில், ஜாக் இன் தி பாக்ஸ் கடைகளில் சரியாக வேகாத பர்கரைச் சாப்பிட்ட 700-க்கும் மேற்பட்டோர் இ.கோலை ஓ157 என்ற பாக்டீரியாவால் பாதிக்கப்பட்டார்கள். நாலு குழந்தைகள் இறந்துபோனார்கள். அடுத்த ஆண்டே, அரைத்த மாட்டுக்கறியில் அந்த பாக்டீரியா இருந்தாலே அது கலப்படம் என்று அமெரிக்க வேளாண் துறை அறிவித்தது. அரைத்த ஆட்டுக்கறி, மாட்டுக்கறிக்கு உள்சூடு 71 டிகிரி செல்சியஸ், அரைத்த கோழிக்கு 74 டிகிரி என்பது அந்தத் துறை இன்றும் சொல்லும் கணக்கு.

பௌலுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. தடிமனான பேட்டியின் நடுப்பகுதி வெந்ததா என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. உதிரியாக வறுக்கும்போது ஒவ்வொரு துண்டும் கல்லில் படுகிறது. பிங்க் நிறம் துளியும் இல்லாமல், தண்ணீர் முழுக்க வற்றி, துண்டுகள் பழுப்பாகும் வரை வறுத்தால் பயமில்லை. பச்சைக் கறி பட்ட பலகையிலும் கத்தியிலும் தக்காளி நறுக்கக் கூடாது. இந்தச் சாப்பாட்டில் பாதி பச்சைக் காய் என்பதால், காய்களை முதலில் நறுக்கி எடுத்து வைத்துவிட்டு அப்புறம் கறியைத் தொடுவது எளிய வழி. கறி கழுவிய சிங்க்கையும் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள். தெறித்த தண்ணீர் எங்கெல்லாம் போனது என்று கண்ணுக்குத் தெரியாது.

பாட்டியின் கிண்ணம்

சைவக்காரருக்கு பனீரைத் துருவிப் போட்டு முடித்துவிடுவது வழக்கம். அதை விடப் பொருத்தமானது மீல் மேக்கர். உலர்ந்த சோயா உருண்டையில் எடையில் பாதி புரதம். ஒருவருக்கு 40 கிராம் எடுத்தாலே 20 கிராம் புரதம் கிடைக்கும். உப்புப் போட்ட வெந்நீரில் 15 நிமிஷம் ஊற வைத்து, நன்றாகப் பிழிந்து, இரண்டு தடவை தண்ணீர் மாற்றிப் பிழிந்தால் அந்தப் பச்சை வாடை போய்விடும். மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டால், பார்க்கக் கொத்துக்கறி மாதிரியே இருக்கும்.

சோயாவுக்கென்று பெரிய ருசி கிடையாது. அதனால் ஐந்தாறு பட்டன் காளானைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் வற்ற வறுத்து, அதனோடு சோயாவைச் சேர்க்க வேண்டும். எண்ணெயும் ஒரு ஸ்பூன் கூடுதலாக வேண்டும். தனி வாணலியில், கறிக்கு முன்பே இதை முடித்துவிடுவது பாட்டிக்கும் நிம்மதி. காளான் அவருக்குப் பிடிக்காது என்றால், வேகவைத்த கறுப்புக் கொண்டைக்கடலையைக் கையால் ஒன்றிரண்டாக மசித்து, கல்லில் மொறுமொறுவென்று வறுத்துப் போடலாம்.

சாஸ்: தயிர் இருக்க மயோ எதற்கு?

பர்கர் சாஸ் பெரிய ரகசியம் மாதிரி பேசப்பட்ட காலம் உண்டு. 2012-ல் மெக்டொனால்ட்ஸின் கனடா கிளையே, பிக் மேக் சாஸை வீட்டில் எப்படிச் செய்வது என்று வீடியோ போட்டுவிட்டது. மயோனைஸ், இனிப்பு வெள்ளரி ஊறுகாய், மஞ்சள் கடுகு சாஸ், வினிகர், பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, பாப்ரிகா. அவ்வளவுதான்.

இதில் முக்கால்வாசி மயோனைஸ். கடையில் வாங்கும் சாதாரண மயோ ஒரு மேஜைக்கரண்டியில் சுமார் 90 முதல் 100 கலோரி. ஏறக்குறைய எல்லாமே கொழுப்பு. கிண்ணத்தில் ஊற்றும்போது கை தாராளமாகத்தான் போகும். மூன்று கரண்டி போனால் பன்னை எடுத்து மிச்சப்படுத்திய கலோரியைப் போல இரண்டு மடங்கு திரும்பி வந்துவிடும். பர்கர் பௌல் சாப்பிட்டும் எடை குறையலையே என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த பாட்டிலைத்தான்.

வீட்டிலேயே முட்டை உடைத்து மயோ அடிப்பதும் நல்ல யோசனை இல்லை. சால்மோனெல்லா உள்ளிட்ட கிருமிகளின் ஆபத்தைக் காரணம் காட்டி, பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை விதித்தது. தெலங்கானா அதற்கு முன்பே, 2024 அக்டோபரில் தடை போட்டிருந்தது.

காலையில் ஆபீஸ் கிளம்பும்போது அரை லிட்டர் கெட்டித் தயிரைச் சுத்தமான வெள்ளைத் துணியில் கட்டி, வடிகட்டி மேல் வைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மாலைக்குள் தண்ணீர் வடிந்து, வெண்ணெய் மாதிரி கெட்டியாக நிற்கும். வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், மறுநாள் சப்பாத்தி மாவு பிசைய ஆகும். அந்தத் தயிரில் ஒரு மேஜைக்கரண்டி தக்காளி கெட்சப், ஒரு ஸ்பூன் கடுகு சாஸ், பொடியாக நறுக்கிய வெள்ளரி ஊறுகாய் இரண்டு ஸ்பூன், நசுக்கிய பூண்டு ஒரு பல், நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள் அரை ஸ்பூன், உப்பு, மிளகு. மயோவின் வழவழப்பு வேண்டும் என்றால் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு அடிக்கலாம். ஒரு மேஜைக்கரண்டி கெட்சப்பில் சுமார் 4 கிராம் சர்க்கரை இருக்கும்; நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1 கிராம்தான்.

வெள்ளரி ஊறுகாயும் வாங்க வேண்டியதில்லை. ஒரு வெள்ளரிக்காயை மெல்லிய வட்டமாக நறுக்கி, அரை டம்ளர் வினிகர், அரை டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன் உப்பு, அரை ஸ்பூன் சர்க்கரை கலந்து அரை மணி நேரம் ஊற வைத்தால் முடிந்தது. வெளிநாட்டு பாட்டிலில் 'டில்' என்று போட்டிருப்பது வேறொன்றுமில்லை, நம் நாட்டு மருந்துக் கடைச் சதகுப்பைதான். இருந்தால் அரை ஸ்பூன் போடுங்கள்.

கிண்ணத்தின் அடியில் என்ன?

ஐஸ்பெர்க் லெட்யூஸ் நீலகிரி, ஓசூர்ப் பக்கமே விளைகிறது. பெரிய ஊர்களில் கிடைத்துவிடும். ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் சாஸ் இலையில் ஒட்டாமல் அடியில் குளமாக நிற்கும். லெட்யூஸ் கிடைக்காத ஊரில் முட்டைக்கோஸ். நூல் மாதிரி நறுக்கி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பிசறி, பத்து நிமிஷம் கழித்துப் பிழிந்தால் மொறுமொறுப்பாக இருக்கும். பச்சை முட்டைக்கோஸ் என்றால் பயம் இருப்பவர்கள், கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுக்கலாம்.

பெரிய கிண்ணத்தில் பாதிக்கு மேல் காய் இருக்க வேண்டும். மேலே தக்காளி, வெங்காய வளையம், ஊறிய வெள்ளரி. அதன் மேல் சூடான கறி. கறி சூடாக இருக்கும்போதே சீஸைத் துருவிப் போட்டால் உருகிப் படியும். சீஸ் ஸ்லைஸ், கெட்சப், ஊறுகாய், கடுகு சாஸ் எல்லாவற்றிலும் உப்பு உண்டு. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார அமைப்பு. வீட்டில் பி.பி. உள்ளவர் இருந்தால் கறிக்குப் போடும் உப்பைப் பாதியாக்கலாம், சீஸை விட்டுவிடலாம்.

மேஜையில் எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்து, அவரவர் கிண்ணத்தை அவரவர் அடுக்கிக்கொள்வதுதான் வசதி. தாத்தாவுக்குக் காய் கூடுதல், கறி, தயிர் சாஸ். பாட்டிக்கு சோயா. அம்மாவுக்குக் கறி இன்னொரு கரண்டி. பையனுக்கு? ஒரு பன்னைப் பாதியாக வெட்டி, கறி எடுத்த அதே கல்லில் வெட்டிய பக்கம் படும்படி வாட்டிக் கொடுங்கள். வளர்கிற பிள்ளைக்கு மாவுச்சத்தை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கைத் துண்டு போட்டு, கல்லில் ரெண்டு ஸ்பூன் எண்ணெயில் முறுகலாக வறுத்தால் ஃப்ரைஸ் கேட்கவும் மாட்டான்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைட் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று இரவுச் சாப்பாட்டில் மாவுச்சத்தை முழுக்க நிறுத்தினால் சர்க்கரை அளவு அபாயகரமாகக் கீழே போகலாம். மாத்திரையின் அளவு, வழக்கமான சாப்பாட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. இரவு தூக்கத்தில் சுகர் இறங்கினால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கே தெரியாமல் போகலாம். இப்படிப்பட்டவர்கள் கிண்ணத்தோடு ஒரு சிறிய சப்பாத்தியோ, அரை கப் வேகவைத்த கொண்டைக்கடலையோ சேர்த்துக்கொள்வதும், அடிக்கடி செய்வதாக இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்பதும் அவசியம்.

டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் வாரக்கணக்கில் கீட்டோ மாதிரியான கடும் டயட்டுக்குப் போவது ஆபத்து. சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் புரத அளவையும் உப்பையும் டாக்டர் சொன்ன கணக்குப்படிதான் வைத்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் ஒரு நாள் இரவு பௌல் சாப்பிடுவதும், மூன்று மாதம் கீட்டோ இருப்பதும் வேறு வேறு.

மிச்சம் இருந்தால்

கறி மிச்சமானால் ஆறியதும் மூடி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இரண்டு நாள் தாங்கும். இடையில் நீண்ட நேரம் கரண்ட் போயிருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடலாம். ஆபீஸுக்கு எடுத்துப் போகிறவர்கள் கறியைத் தனி டப்பாவிலும், காயையும் சாஸையும் வேறு டப்பாக்களிலும் கொண்டுபோய், அங்கே கறியை மட்டும் ஆவி பறக்கச் சூடாக்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே தீர்க்க வேண்டும் என்றால் மறுநாள் காலை அதே கல்லில் தோசை ஊற்றி, முட்டை ஒன்றை உடைத்து மேலே பரப்பி, மிச்சக் கறியைத் தூவி மடித்துவிடுங்கள். அந்தக் காலை நேரத்தில் கரம் மசாலாவும் போட்டுக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.